பரமலிங்கத்துக்குப் பதில் தம்பிராசா

கொக்குவில்,
14-2-1937

மலாயாவில் றெயில்வேக் கந்தோரில் உத்தியோகம் பார்க்கும் என் அவருக்கு, குணலட்சுமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நானும் பிள்ளையும் நல்லூரான் தயவால் சுகம். நீங்களும் அவ்விடம் சுகமாயிருக்க வேண்டும். நீங்கள் தபாலில் அனுப்பின காசுக்கட்டளை வந்து சேர்ந்தது. கடிதம்தான் வரவில்லை. கட்டளைக் கடதாசியின் அடியில் இரண்டு வரி எழுத இடம் விட்டிருக்கிறது என்று தபாற்கந்தோர் ஆள் எனக்குக் காட்டினார். இத்தனை வருடமாய் உங்கள் கண்ணுக்கு அது படவில்லைப் போலும்.

புகையிலை நல்ல பச்சையாய் நிற்கிறது. வெள்ளைப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது. வடக்கு வேலி அடைப்பித்தாகிவிட்டது.

இனிப் பிள்ளையின் பள்ளிக்கூடத்துப் புதினம். பரமலிங்கம் இந்த வருடம் சீனியர் வகுப்பு, மார்கழியில் சோதனை. பாஸ் பண்ணினால் உங்கள் கந்தோரிலேயே ஓரிடம் எடுத்துத் தருவதாக நீங்கள் எழுதியதை நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இப்போது என்ன படிப்பிக்கிறார்கள் தெரியுமா? தச்சு வேலை. பகிடிக்கு எழுதவில்லை. இங்கிலிசு, கணக்கு, சரித்திரத்தோடு மரவேலையும் ஒரு பாடமாம். சீனியர் வகுப்புப் பெடியன்கள் எல்லோரும் கட்டாயம் படிக்கவேண்டுமாம். முந்திக் குதிரை கட்டின கொட்டகையில் வாங்குப் பலகைகள் போட்டு, வாளும் உளியும் சீவுளியும் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

இதற்கென்று லயனல் என்று ஒரு மாஸ்டர் வந்திருக்கிறார். உடுவில்காரர், சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரர். கொழும்பில் போய் நின்று மரவேலை படித்து, அதற்கொரு சேட்டிபிக்கற்றும் வாங்கி வந்திருக்கிறாராம். மரம் அறுக்கச் சேட்டிபிக்கற்று! என் தம்பி சீவரத்தினத்தை விட்டு விசாரித்தேன். நல்ல குடும்பமாம், எங்கள் ஆட்கள்தானாம், தகப்பன் தோட்டம் துரவோடு வாழ்ந்தவராம். அதைக் கேட்டபிறகுதான் எனக்குக் கோபம் கூடியது. தச்சர் வீட்டில் பிறந்த ஒருவர் தச்சு வேலை காட்டிக் கொடுத்தால் அது அவருடைய பிழைப்பு என்று விட்டுவிடலாம். ஒரு குறையும் இல்லாமல் பிறந்து, காற்சட்டையும் போட்டுக்கொண்டு, காதிலே பென்சிலைச் செருகிக்கொண்டு நிற்கிறவரை என்ன சொல்ல?

முதல் மாதம் முழுக்கப் படம் கீறுவித்தார். ஒரு முக்காலியை முன்னால் நின்று பார்த்தால் ஒரு படம், பக்கத்தால் பார்த்தால் ஒரு படம், மேலே நின்று பார்த்தால் இன்னொரு படம். முக்காலியை எங்கே நின்று பார்த்தாலும் முக்காலிதானே. ஏன் இந்த விளையாட்டு என்று பிள்ளையைக் கேட்டால், “செய்யமுந்தி யோசிக்க வேணுமாம் அம்மா, கையாலும் யோசிக்கப் பழக வேணுமாம்” என்கிறான். கையால் யோசித்தால் தலையால் என்ன செய்கிறது? சுமை தூக்குகிறதா?

இரண்டு கிழமைக்கு முந்தி ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளை வீட்டுக்கு வந்த கோலத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் அடுத்த கப்பலிலேயே ஏறியிருப்பீர்கள். முழுகி விபூதி பூசிப் போன தலையில் மரத்தூள். பெருவிரலில் சீலைத்துண்டு. சேட்டு வேர்த்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. மலாயா உத்தியோகத்துக்கு வளர்க்கிற பிள்ளை!

நான் அழவும் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்கவும் இல்லை. புத்தியாய் ஒரு வேலை செய்தேன். எங்கள் வளவுத் தச்சன் தம்பிராசாவைக் கூப்பிட்டு, இனிமேல் மரவேலை மணித்தியாலத்துக்குப் பரமலிங்கம் தம்பிக்குப் பதிலாய் நீ போ என்று சொல்லிவிட்டேன். உங்களுக்கு அவனை நினைவிருக்கும். அவன் போட்ட அடுப்படிக் கதவு இன்றுவரை ஒழுங்காய்ப் பூட்டினதில்லை. “நாச்சியார், நானோ? பள்ளிக்கூடத்துக்கோ?” என்று வாயைப் பிளந்தான். பிறகு தோய்த்த வேட்டி கட்டிக்கொண்டு, சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரிப் போனான்.

சீவரத்தினம் முதலில் சிரித்தான். அவனுக்கு நான் விளங்கப்படுத்தினேன். தோட்டம் கொத்த ஆள் விடுகிறோம். புகையிலை எங்கள் பேரில்தானே விற்கிறது? கோயிலில் ஐயர் எங்கள் பேரும் நட்சத்திரமும் சொல்லி அர்ச்சனை செய்கிறார். புண்ணியம் ஐயர் வீட்டுக்கா போகிறது? அப்படித்தான் இதுவும். லயனல் மாஸ்டர் ஒரு மறுப்பும் சொல்லவில்லையாம். தம்பிராசாவின் பேரைக் கேட்டு, வரவு எழுதுகிற இடாப்பில் எழுதிக்கொண்டு, ஒரு வாங்கைக் காட்டினாராம். அந்த நேரம் பிள்ளை வேப்பமரத்தடியில் இருந்து சரித்திரம் பாடமாக்குகிறான். ஒரே மணித்தியாலத்தில் இரண்டு லாபம்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை அந்த இரண்டு வரி இடத்தையும் வீணாக்க வேண்டாம்.

இப்படிக்கு,
குணலட்சுமி கனகசபாபதி


கொக்குவில்,
6-6-1937

அன்புள்ள என் அவருக்கு, குணலட்சுமி எழுதுவது. சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வர லீவு கிடைக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு மாதம் இல்லாவிட்டால் மலாயாவில் றெயில் ஓடாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. பிள்ளைக்குப் பால்பல் விழுந்த வருடம் வந்துபோனீர்கள். இப்போது அவன் சவரம் செய்கிறான். அதற்கும் அம்பட்டன்தான் வருகிறான், தகப்பனிடம் பழகவில்லை.

கடிதத்தில், தச்சனை அனுப்பியது நல்ல யோசனை என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சந்தோஷம். நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள் என்று தெரியும்.

நான் தொடக்கிவைத்ததை இப்போது எல்லோரும் செய்கிறார்கள். புரொக்டர் வீட்டு மகாதேவி, கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்புகிறவள், நேரே எங்கள் வாசற் படலைக்கு வந்து “அக்கா, உங்கடை தம்பிராசா எத்தினை மணிக்குப் போறவன்?” என்று கேட்டாள். அடுத்த கிழமை அவள் மகனுக்குப் பதிலாய் ஒரு தச்சனும், அந்தத் தச்சனுக்குச் சாமான் தூக்க ஒருவனுமாய் இரண்டு பேர் போனார்கள். அவளுக்கு எதிலும் ஒரு படி கூட நிற்கவேண்டும். பிறகு தாவடியிலிருந்து ஒருவன், இணுவிலிலிருந்து ஒருவன். கொட்டகைக்குள் இப்போது தச்சர்கள்தான் கனபேராம். மரத்தடியில் எங்கள் பிள்ளைகள். லயனல் மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் தச்சர்களுக்குப் படம் கீறப் படிப்பிக்கிறார். பாவம், அந்த ஆளுக்கு ரோசம் என்று ஒன்றை ஆண்டவன் வைக்கவில்லை.

தம்பிராசாவின் எடுப்பைத்தான் தாங்கமுடியவில்லை. சேட்டுப் போடுகிறான். காதில் பென்சில். எங்கள் படலைக் கட்டை உக்கிவிட்டது, ஒன்று போட்டுத் தா என்றால், உடனே செய்யமாட்டானாம். முதலில் அளக்கவேண்டுமாம், பிறகு கீறவேண்டுமாம், பிறகு யோசிக்கவேண்டுமாம். படலைக்கு என்னடா யோசனை என்று ஏசினேன். “யெஸ், நாச்சியார்” என்கிறான். படலை இன்னும் கயிற்றில் கட்டித்தான் நிற்கிறது.

போன மாதம் லயனல் மாஸ்டர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கே வந்தார். குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது என்று விறாந்தையில் கதிரை போட்டேன். மனிதர் இருக்கமுன் கதிரையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். எங்கள் வீட்டுக் கதிரையை! பார்த்துவிட்டு, நல்ல பொருத்து என்று தலையாட்டிவிட்டு இருந்தார். அதற்கும் அவருடைய சேட்டிபிக்கற்று வேண்டுமாக்கும்.

“அம்மா, பிள்ளையை வகுப்புக்கு அனுப்புங்கோ” என்றார். தம்பிராசா வாறான்தானே, வேலை நடக்குதுதானே என்று கேட்டேன். “வேலை வலு திறமாய் நடக்குது” என்றார். அப்போ என்ன குறை? “இடாப்பிலை தம்பிராசாவின்ரை பேர்தான் இருக்கு, அம்மா” என்றார். இருக்கட்டும், அவன் பேர் இடாப்பில் இருந்தால் எங்களுக்கென்ன குறைந்தது என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வாதாட ஒரு சொல் இல்லை அந்த மனிதரிடம். இப்படி ஆட்களிடம் பிள்ளைகள் என்னத்தைப் படிக்கப்போகிறார்கள்?

பரமலிங்கம் உங்களுக்குத் தனியாய் ஒரு கடிதம் எழுதினானாம், இங்கிலிசில். பதில் வரவில்லை என்று கேட்கிறான். பிழை இருந்தால் திருத்தியாவது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குணலட்சுமி


கொக்குவில்,
19-9-1937

என் அவருக்கு,

சுகம் விசாரிக்க இது நேரமில்லை. எங்கள் பிள்ளையைச் சோதனைக்கு அனுப்பமாட்டார்களாம்.

முந்தாநாள் ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுவிட்டார். சீவரத்தினம் போனான். ஒவ்வொரு பாடத்துக்கும் முக்கால்வாசி நாளாவது வந்திருந்தால்தான் சீனியருக்குப் பேர் அனுப்புவது என்பது அந்தப் பள்ளிக்கூடத்துச் சட்டமாம். பரமலிங்கம் மரவேலைக்கு மாசி மாதத்துக்குப் பிறகு ஒருநாளும் வரவில்லையாம். இடாப்பைத் திறந்து காட்டினாராம். தம்பிராசாவின் பேருக்கு நேரே நாள் தவறாமல் வந்தவன் என்று கிடக்கிறது. என் பிள்ளையின் பேருக்கு நேரே, இல்லை, இல்லை, இல்லை.

நாங்கள் சும்மா இருந்தோமா? ஆள் அனுப்பவில்லையா? தன் கூலிவேலையைக் கெடுத்துக்கொண்டு ஒருவன் நாள் தவறாமல் போயிருக்கிறானே, அது யாருடைய வரவு? எங்கள் வளவில் இருக்கிறவன், எங்கள் சொல்லுக்குப் போனவன். அதை இடாப்பில் எங்கள் பிள்ளையின் பேரில் எழுதத் தெரியாத ஒருவர் மாஸ்டராம். கொழும்பில் அவருக்கு எழுத்துப் படிப்பிக்க மறந்துவிட்டார்களா?

இதில் எனக்கு வயிறு எரிகிறது எதற்கென்றால், மகாதேவியின் மகன் தப்பிவிட்டான். புரொக்டர் சட்டம் தெரிந்த மனிதர். ஆனி மாதமே விஷயத்தை மணந்து பிடித்து, மகனைக் காதோடு பிடித்துக் கொட்டகைக்குள் தள்ளிவிட்டாராம். தாவடிப் பெடியனும் இணுவிற் பெடியனும் அதைப் பார்த்து உள்ளே போய்விட்டார்கள். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. படலைக்கு வந்து அக்கா அக்கா என்று கொஞ்சினவள், இப்போது கோயில் வீதியில் நின்று, “குணலட்சுமி அக்கா பாவம், ஆம்பிளை இல்லாத வீடு” என்று சொல்லுகிறாளாம். ஆம்பிளை இல்லாத வீடாம்! உங்களைக் கொன்றே போட்டாள்.

பிள்ளையைக் கேட்டேன், நீயாவது சொல்லியிருக்கக்கூடாதா என்று. “சொன்னனான் அம்மா. நீங்கள் தானே மாஸ்டருக்கு ரோசமில்லை எண்டு சிரிச்சனீங்கள்” என்கிறான். உங்கள் வாய்தான் அவனுக்கும்.

சீவரத்தினத்தை உடுவிலுக்கு அனுப்பினேன், லயனல் மாஸ்டர் வீட்டுக்கு. வெறுங்கையோடு போகவேண்டாம் என்று நல்ல கதலிக் குலையும் கொடுத்துவிட்டேன். குலை திரும்பி வந்தது. “உங்கடை அக்கா சுகமில்லாமல் இருக்கிறாவோ, குலையை அனுப்பியிருக்கிறா” என்று கேட்டாராம். இல்லை, சுகமாய்த்தான் இருக்கிறா என்று இந்தப் பேயன் சொல்லியிருக்கிறான். “அப்ப அவவே வரட்டும்” என்றாராம். நான்! அந்த மரத்தூள் மனிதரின் வாசலில் போய் நிற்பதாம்!

நான் போகமாட்டேன். நீங்கள் உடனே ஹெட்மாஸ்டருக்கு இங்கிலிசில் ஒரு கடிதம் எழுதவேண்டும். மலாயா அரசாங்க முத்திரை போட்ட கடதாசியில் எழுதுங்கள். உத்தியோகத்துக்காரரின் பிள்ளை என்று பயப்படுவார்கள். கார்த்திகை பிறக்கமுன் பேர் அனுப்பி முடித்துவிடுவார்களாம். இந்த வருடம் தவறினால் பிள்ளைக்கு வயது கடந்துவிடும், உங்கள் கந்தோரில் எடுக்கமாட்டார்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். ஒரு பிள்ளை. எனக்கு வேறு ஒன்றும் இல்லை. தந்தி அடித்தாலும் பரவாயில்லை.

குணலட்சுமி


கொக்குவில்,
12-12-1937

என் அவருக்கு, குணலட்சுமி எழுதுவது. சோதனை நேற்று முடிந்தது. ஓம், பிள்ளை எழுதினான். நடந்ததை முறையாய் எழுதுகிறேன், ஆறுதலாய் வாசியுங்கள்.

ஹெட்மாஸ்டருக்கு உங்கள் கடிதம் வரும் வரும் என்று பார்த்தேன். எனக்குத்தான் வந்தது. “உனக்குச் சரியென்று பட்டதைச் செய், சீவரத்தினத்தைக் கொண்டு கதைப்பி, வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல், அதனால் விரிவாய் எழுத முடியவில்லை” என்று. கூடவே ஒரு காசுக்கட்டளை. அந்தக் கடிதத்தை நான் பலமுறை வாசித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

பேர் அனுப்ப மூன்று கிழமைதான் இருக்கும்போது திருக்கல் வண்டி பிடித்து உடுவிலுக்கு நானே போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டுதான் போனேன், கெஞ்சப் போகிறவளைப் போலப் போகவில்லை. மாஸ்டரின் பெண்சாதி வினிபிரட் கதிரை தந்து, தேத்தண்ணீர் தந்தா. வேதக்காரர் வீடென்று பார்க்கவில்லை, குடித்தேன். மாஸ்டர் பின்வளவிலிருந்து மரத்தூளோடேயே வந்தார். ஒரு சேட்டைத் தட்டிவிட்டு வரத் தெரியாதா?

“மாஸ்டர், என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை மண்ணாக்கிப் போடாதேங்கோ” என்று தொடங்கினேன். வழியெல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனது நிறைய இருந்தது. அவர் சொல்லவிடவில்லை. “நான் ஒருத்தரையும் மண்ணாக்கேல்லை, அம்மா. வந்தவனை வந்தவன் எண்டு எழுதினன். வராதவனை வராதவன் எண்டு எழுதினன். வேறை என்னத்தை எழுதிறது?” என்றார். கோபமாய்ச் சொல்லவில்லை. சோறு போடுகிறவர் சோறு என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் முகம் எரிந்தது.

பிறகு அவரே சொன்னார். பள்ளி விட்டபிறகு பிள்ளை ஒவ்வொரு நாளும் வரட்டும், படம் கீறுகிறதிலிருந்து மெழுகு பூசுகிறது வரைக்கும் ஒரு சாமானைத் தன் கையால் செய்து முடிக்கட்டும், முடித்தால் ஹெட்மாஸ்டரோடு நான் கதைக்கிறேன் என்று. “வேறை ஆள் தொடக்கூடாது” என்றார். அதை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

பிள்ளை போனான். முதல் கிழமை கை முழுக்கக் கொப்புளம். சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டான். எனக்கு வாயில் வந்த ஏச்செல்லாம் மாஸ்டருக்குத்தான். ஒருநாள் பொறுக்கமுடியாமல் தம்பிராசாவை இரகசியமாய்க் கூப்பிட்டு, அந்தச் சாமானின் ஒரு காலை மட்டும் சீவிக் கொடு என்றேன். மாட்டானாம். “மாஸ்டர் பாத்த உடனை கண்டுபிடிச்சிடுவர், நாச்சியார். தம்பி சீவினால் அலை அலையாய்க் கிடக்கும்” என்கிறான். எங்கள் நெல்லைத் தின்று வளர்ந்தவன், எனக்கே நியாயம் சொன்னான். அவனும் இப்போது இங்கே இல்லை. ஒரு வருடம் வகுப்புக்கு ஒழுங்காய் வந்தவன் என்று லயனல் மாஸ்டர் கடதாசி எழுதிக்கொடுத்து, திருகோணமலையில் கப்பல் திருத்துகிற இடத்தில் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் பிள்ளைக்கென்று நான் அனுப்பினேன், உத்தியோகம் அவனுக்கு! படலையைப் போட்டுவிட்டுப் போடா என்றேன். போட்டுவிட்டுத்தான் போனான். பூட்டுகிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பரமலிங்கம் செய்து முடித்தது ஒரு முக்காலி. மூன்று கால் என்றபடியால் எந்த நிலத்தில் வைத்தாலும் ஆடாது என்று விளக்கம் வேறு. ஆடவில்லை, உண்மைதான். கள்ளுக் குடித்தவனைப் போல ஒருபக்கமாய்ச் சரிந்து நிற்கிறது. இப்படி ஒரு அவலட்சணத்தை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. மாஸ்டர் அதைக் கவிழ்த்து, நிமிர்த்தி, விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இது பரமலிங்கம் செய்தது” என்று மட்டும் சொன்னாராம். நல்லது என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. இவன் என்னவோ மெடல் வாங்கியவன் மாதிரி அதைத் தலையில் வைத்துக்கொண்டு, றெயிலால் இறங்கி ஸ்ரேசனிலிருந்து நடந்து வந்தான். ஊர் பார்க்க வந்தான். நான் அதை அடுப்படியில் வைத்திருக்கிறேன். ஒருவரையும் அதில் இருக்க விடுவதில்லை. நான் இருக்கிறேன்.

மாஸ்டர் சொன்ன சொல் தவறவில்லை. பிள்ளையின் பேர் சோதனைக்குப் போயிற்று. சோதனை நல்லாய்ச் செய்தானாம்.

சோதனை நடக்கும்போது உங்கள் அடுத்த கடிதமும் கப்பற்காசும் வந்தன. முடிந்தபிறகு பிள்ளைக்கு வாசித்துக் காட்டினேன். தை பிறந்ததும் அனுப்பு, கொழும்பில் சீவரத்தினம் ஏற்றிவிடட்டும், பினாங்கில் என் சிநேகிதர் ஒருவர் வந்து இறக்குவார், அவர் வீட்டிலேயே தங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிள்ளை கேட்டுக்கொண்டு இருந்தான். பிறகு, “அப்பாவின்ரை வீட்டிலை எனக்கு இருக்க இடமில்லையோ அம்மா?” என்று கேட்டான். பெரிய கந்தோர், தூரம், வேலை என்று நான் என்னென்னவோ சொன்னேன். “இறக்கிறதுக்கும் சிநேகிதரோ? அவர் தான் வரமாட்டாரோ?” என்றான். நான் கடிதத்தை மடித்து வைத்தேன். “நான் போகேல்லை. அப்பா தானாய் வந்து கூப்பிட்டால் போறன்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்விட்டான். அடித்து அனுப்பும் வயதில்லை அவனுக்கு. அடிக்க எனக்கு மனமும் இல்லை.

லயனல் மாஸ்டரைப்போல ஒரு பொல்லாத மனிதரை நான் கண்டதில்லை. வராதவனை வராதவன் என்று எழுத அவருக்குக் கை கூசவில்லை. நான் அப்படியில்லை. உங்கள் தாயாரின் அந்தியேட்டிக் கிரியைக்கு உங்கள் இடத்தில் என் தம்பி நின்றான். என் தங்கச்சியின் கலியாணத்துக்கு உங்கள் பேரில் அவன்தான் சபையில் இருந்தான். பிள்ளைக்கு அம்மை வந்தபோது மருந்துக்குப் பரியாரியைக் கூட்டி வந்தவனும் அவன்தான். கேட்டவர்களுக்கெல்லாம், வாறார், இந்தச் சித்திரைக்கு வாறார், ஆவணிக்கு வாறார் என்று சொல்லி, எல்லா நாளும் நீங்கள் வந்ததாகவே எழுதி வைத்துவிட்டு இருந்திருக்கிறேன். ஆம்பிளை இல்லாத வீடு என்று மகாதேவி சொன்னதற்கு அவளோடு சண்டைக்குப் போனேன். அவள் பொய் சொல்லவில்லை. இந்தத் தையிலிருந்து எவர் கேட்டாலும், வரவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

கப்பற்காசைத் திருப்பி அனுப்புகிறேன். ஒரு ஆள் கப்பல் ஏற அது போதும். அந்த ஒரு ஆள் யாரென்று நீங்களே முடிவு செய்யுங்கள். வர மனமில்லை என்றால் அதையும் உங்கள் கையாலேயே எழுதுங்கள். சிநேகிதரைக் கொண்டு எழுதுவிக்க வேண்டாம், காசையும் அதற்குப் பதிலாய் அனுப்ப வேண்டாம்.

போன வெள்ளி தொண்டைமானாற்றுக்குப் போய்ச் சந்நிதி முருகனைக் கும்பிட்டு வந்தேன். வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று எழுதியிருந்தீர்கள். எல்லோரும் யாரென்று நான் கேட்கவில்லை. விபூதியை மடித்து இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் பூசிவிடுங்கள். சின்னவர்கள் இருந்தால் அவர்களுக்கு முதலில் பூசுங்கள்.

இப்படிக்கு,
கொக்குவில் வீட்டில் இருக்கும்
குணலட்சுமி